பிள்ளைப் பாசம் பந்தமா? – ஒரு சிந்தனை

மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல விரத மகிமை பற்றியோ ஆலயத் திருப்பணி பற்றியோ எழுதலாம் என்றே எண்ணியிருந்தேன். ஆயினும், கடந்த ஆண்டுத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நடந்த ஒரு சிறு சம்பவம் மனதை விட்டு அகலவில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அன்று மாலைப் பூசைக்கு மேல்கணக்கிலிருந்து ஓர் இளம் தம்பதியர் ஒன்பது மாதப் பிள்ளையுடன் வந்திருந்தார்கள். மணி அடித்து, கற்பூர தீபம் காட்டியபோது, தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை திடீரெனத் தன் இரு கைகளையும் சேர்த்துத் தட்டியது. தகப்பனுக்கு இடம் பொருள் மறந்துவிட்டது. "ஏய், தட்டுறான் பாரு! இன்னிக்குத்தான் மொதமொதல்ல தட்டுறான்!" என்று உரக்கவே சொல்லிவிட்டார். தாய் சிரித்தாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் அம்பாளை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் எங்கள் ஆலயத்தில் நெடுங்காலம் புராணம் படித்துவரும் பெரியவர் ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, பாசத்த அறுக்க வர்ற எடத்துல பாசத்த வளக்குறாங்க. பூச நேரத்துல பிள்ளய கொஞ்சக்கூடாதுன்னு ஒரு அறிவித்தல் எழுதிப் போடுங்க" என்றார். அரசாங்க அலுவலகங்களில் 30 வருடங்களுக்கு மேலாக அறிவித்தல் எழுதியவன் நான். அன்றிரவே வெள்ளைத் தாள் எடுத்து, "பக்தகோடிகளுக்கு அன்பான வேண்டுகோள்" என்று தலைப்பும் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே எழுத எனக்கு வரவில்லை.

பெரியவர் சொன்னது வெறும் கோபம் அன்று. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என மூன்று பொருள்களைச் சொல்கிறது. அதில் பாசம் என்பது ஆன்மாவைக் கட்டியிருக்கும் கயிறு. நம் வீடுகளிலோ அதே சொல்லுக்கு அன்பு என்று பொருள். "அவளுக்குப் பிள்ளைமேல் பாசம் அதிகம்" என்றால் நாம் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஒரே சொல் கோயிலில் கட்டாகவும் வீட்டில் அன்பாகவும் இருக்கின்றது. ஆகவே கேள்வி நியாயமானதே. பிள்ளை குப்புற விழுவதையும், தவழ்வதையும், கை தட்டுவதையும் பார்த்துப் பெற்றோர் பூரிப்பது மனதை மயக்கும் கட்டா? அல்லது வேறெதுவுமா?

முதலில் நம் பக்தி இலக்கியம் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக்கொண்டு, கண்ணனைப் பாதம் முதல் கேசம் வரை பார்த்துப் பார்த்துப் பாடியவர். தாலாட்டு, நிலாவை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று பிள்ளையின் வளர்ச்சியே அவருக்குத் துதி. அதிலிருந்து கிளைத்ததே பிள்ளைத்தமிழ். குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடினார், பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்குப் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று செல்லும் அந்தப் பத்துப் பருவங்களையும் மூன்றாம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, அதாவது கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுதல். ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, அதாவது கை தட்டுதல். பதின்மூன்றாம் மாதத்தில் வாரானை, அதாவது தளர்நடையிட்டு வருதல்.

இன்று கிளினிக்கில் மருத்துவமாது தரும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரித்தல், நான்காம் மாதமளவில் தலை நிற்றல், எட்டாம் மாதமளவில் துணையின்றி உட்காருதல், ஒரு வயதை ஒட்டி நடத்தல். புலவர்கள் பிள்ளைகளைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். (எல்லாப் பிள்ளைகளும் ஒரே கணக்கில் வளர்வதில்லை. ஒரு பிள்ளை பத்தாம் மாதத்தில் நடக்கும், இன்னொன்று பதினைந்தாம் மாதத்தில் நடக்கும், இரண்டும் நல்ல பிள்ளைகளே. "எங்க பிள்ள இந்நேரம் ஓடுச்சே" என்று அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு தாயின் மகிழ்ச்சியைக் கெடுப்பவர்கள் நமது லயங்களில் நிறைய உண்டு. சத்தத்துக்குத் திரும்பாவிட்டாலோ, நான்கு மாதம் கடந்தும் தலை நிற்காவிட்டாலோ கிளினிக்கில் காட்டவேண்டும். மற்றபடி போட்டி எதற்கு?)

எங்கள் அம்மன் சந்நிதியில் ஒரு பிள்ளை சப்பாணி கொட்டியது. பெரியாழ்வார் அங்கு நின்றிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பாரா?

பெரியவரும் விடவில்லை. பட்டினத்தாரைக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் துறந்தவர் அல்லவா? உண்மை. ஆனால் எதையும் துறக்க முடிந்த அவரும், தாய்க்குத் தீ மூட்டும்போது, தன்னைச் சுமந்ததையும் சீராட்டியதையும் நினைத்து உருகிப் பாடினார் என்பதே நமது மரபு. பார்த்து வளர்த்தவளை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

இதைவிட ஆழமான விளக்கம் சித்தாந்தத்துக்குள்ளேயே இருப்பதாக நான் நினைக்கின்றேன். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் கண்ணையும் உயிரையும் உவமையாகக் காட்டுகிறார். கண் தானாகக் காண்பதில்லை, உயிர் அதற்குக் காட்டி, அதனோடு தானும் காண்கிறது. அவ்வாறே இறைவன் உயிருக்குக் காட்டுகிறான், உயிரோடு சேர்ந்து தானும் காண்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று பெரியோர் இதனைச் சொல்வர். எத்தனையோ பிரசங்கங்களில் இதைக் கேட்டும் எனக்கு விளங்கியதில்லை. என் பேரன் விளக்கினான்.

அவன் பத்து மாதமாக இருந்தபோது வாசலில் வைத்துக் காகத்தைக் காட்டினேன். முதலில் என் விரலைப் பார்த்தான். பிறகு விரல் போன வழியே காகத்தைப் பார்த்தான். உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தான், நானும் பார்க்கிறேனா என்று. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட பின்தான் சிரித்தான். பிள்ளைகளைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். எழுந்து நின்றாலும், பந்தைத் தள்ளினாலும், ஒரு கணம் திரும்பி யாராவது பார்த்தார்களா என்று தேடும். பாலுக்குப் பசி இருப்பதுபோல, பார்க்கப்படுவதற்கும் அதற்கு ஒரு பசி இருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு ஏறத்தாழ ஓர் அடித் தூரத்துக்குள்தான் கண் தெளிவாகத் தெரியுமாம். மார்பில் கிடக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம் அதுதான். ஆகவே, பெற்றோர் பார்த்து மகிழ்வது அவர்களுடைய சொந்த சுகம் மட்டுமல்ல, அந்த மகிழ்ச்சியில் பாதி பிள்ளைக்குச் சேரவேண்டியது.

அப்படியானால், பார்க்க முடியாமற்போனவர்களின் நிலை என்ன? இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம். ஆயினும் மலையகத்தில் இருந்துகொண்டு இதை எழுதாமல் விடமுடியாது.

குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் தேவகியின் புலம்பலாகப் பாடியிருக்கிறார். பெற்றவள் தேவகி, பார்த்தவள் யசோதை. தாலாட்டவும், பால் கொடுக்கவும், குறும்பைக் காணவும் தனக்கு வாய்க்கவில்லையே என்று தேவகி அழுகிறாள். பிள்ளை கடவுளே ஆனாலும், கம்சனை அழித்துத் தன்னைச் சிறைமீட்டவனே ஆனாலும், அந்த இழப்பு ஈடாகவில்லை. தோட்டத்தில் எங்கள் தாய்மார் எல்லாரும் பகலில் தேவகிகளாகத்தான் இருந்தார்கள். அவர்களைச் சிறைவைக்கக் கம்சன் தேவைப்படவில்லை. விடியற்காலைத் தப்புச் சத்தமும் பெரட்டும் போதும்.

நான் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவன். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். தாய்மார் பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுவார்கள். இடையில் பால் கொடுக்க ஓடி வருவார்கள். எட்ட மலையில் நிரை பிடித்திருந்தால் வந்து போவதற்கே நேரம் சரியாகிவிடும், மார்பு கட்டிக்கொண்டு சட்டை நனைய நனையக் கொழுந்து பறித்ததை என் தாயார் சொல்லியிருக்கிறார். பின்நேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும்.

சட்டத்தையும் ஒரு பழைய லிகிதர் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ், நீண்ட காலமாக முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாட்களும், மூன்றாம் பிள்ளை தொட்டு 42 நாட்களும் விடுமுறை இருந்தது. அந்த 42இல் பிள்ளை பிறந்த பின்பு எஞ்சுவது 28 நாட்கள். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதோ ஆறாம் வாரத்தில். மூன்றாவதாகப் பிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையின் முதற்சிரிப்பு ஆயம்மாவுக்குப் போய்விட்டது. 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கியது. இது பெரிய காரியம். இருந்தும் தாய் மலைக்குத் திரும்பும்போது பிள்ளை இன்னும் சிறு கைப்பிள்ளைதான். குப்புற விழுவது, உட்காருவது, தவழ்வது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆயம்மா என்றேன். எங்கள் பிள்ளைக்காம்பராவில் இருந்த ஆயம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. முருகப் பெருமானைச் சரவணப் பொய்கையில் கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தார்கள். பெறாமல் வளர்த்த அவர்களுக்குக் கிடைத்த பெருமை, நாம் கார்த்திகைக்கு விளக்கேற்றும் வரை நிலைத்திருக்கிறது. அந்த இனத்தில் சேர்ந்தவர் எங்கள் ஆயம்மா. என் மகளின் பெயர் சூட்டலுக்கு வந்திருந்தபோது அவர் ஒரு விடயம் சொன்னார். தம் கையில் வளர்ந்த எந்தப் பிள்ளை முதலடி வைத்தாலும் தாயிடம் சொல்லமாட்டாராம். "நாஞ் சொல்லமாட்டேன் தம்பி. ஒரு ரெண்டு நாள்ல வீட்டுலயும் எட்டு வைக்கும். அவதான் மொதல்ல பாத்ததா இருக்கட்டும். ஓடி வந்து எங்கிட்ட சொல்லுவா. அப்பிடியா தாயின்னு கேட்டுக்குவேன்."

இது பொய்யா? பெரியவர் என்ன சொல்வாரோ தெரியாது. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்ம்மையையும் வாய்மையின் பக்கத்தில் வைக்கலாம் என்பது வள்ளுவர் கருத்து. நான் வீட்டுக்குப் போய் என் தாயாரிடம் கேட்டேன், நான் முதலில் எங்கே தவழ்ந்தேன் என்று. "காம்பராவுலதான்" என்றார். யார் சொன்னது என்றேன். "யாரும் சொல்லல. முட்டியில செம்மண் இருந்துச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

என் தாயாருக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

என் மகள் 1989ஆம் ஆண்டு மாசி மாதம் பிறந்தாள். அப்போது எனக்குப் பொலன்னறுவை மாவட்டத்தில் வேலை. மாதம் ஒரு தடவை ஹற்றனுக்கு வந்துபோவேன். அந்த வருடம் நாட்டில் கலவரமும் ஊரடங்கும் பஸ் ஓடாத நாட்களுமாக இருந்ததால் தொடர்ந்து மூன்று மாதம் வரவே முடியவில்லை. "பிள்ளை கவிழ்கிறாள்" என்று மனைவி எழுதிய கடிதம் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. அப்போது அவள் உட்காரத் தொடங்கியிருந்தாள். கடைசியில் நான் வீட்டுக்கு வந்தபோது, என் முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுது தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குக் காலத்தைக் குறைசொல்லலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து, மகன் பிறக்கவிருந்த சமயம், நுவரெலியா மாவட்டத்துக்கு இடமாற்றம் கேட்கும் வாய்ப்பு வந்தது. தரமுயர்வுப் பரீட்சை முடியட்டும், இருக்கும் இடத்திலேயே இருந்தால் சம்பள ஏற்றம் கிடைக்கும் என்று நானேதான் விண்ணப்பிக்காமல் விட்டேன். பிள்ளைகளுக்காகத்தானே உழைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏற்றம் கிடைத்தது. எவ்வளவு ரூபாய் என்று இன்று எனக்கு ஞாபகமில்லை. மகன் எப்போது நடந்தான் என்பதும் எனக்குத் தெரியாது. மனைவியிடம் கேட்டுத்தான் சொல்லவேண்டும். மனைவியின் அக்காலக் கடிதங்களைத் திகதி வாரியாகக் கோப்பில் இட்டு வைத்திருக்கிறேன். அதுதான் என் பிள்ளைத்தமிழ்.

இன்றும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. தோட்டத்தில் உள்ள இளம் தகப்பன்மாரில் பலர் கொழும்புக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள். தாய்மார் சிலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போகிறார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் போகக்கூடாது என 2013இல் அரசாங்கம் விதித்த கட்டுப்பாடு, பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் தளர்த்தப்பட்டது. அவ்விதி சரியா பிழையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பசியோடு இருக்கும் தாயிடம், "நீ பக்கத்திலிருந்து பார்" என்று மட்டும் சட்டம் போடுவது தருமம் ஆகாது. அதேவேளை, வேற்று நாட்டில் பிறர் பிள்ளை தவழ்வதைப் பார்த்துக்கொண்டு, தன் பிள்ளை தவழ்வதைக் காணாதிருப்பவளின் மனம் தேவகியின் மனத்தைவிட நொந்திருக்கும். தேவகி யசோதையாகவும் இருக்க வேண்டியிருக்கவில்லை.

என் மருமகன் கட்டாரில் வேலை செய்கிறார். 2023இல் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் பேரன் பிறந்தபோது இரண்டு கிழமைதான் நின்றார். பிள்ளை குப்புற விழ முயன்ற நாட்களில் ஒவ்வொரு நாள் இரவும் நான் கைத்தொலைபேசியைப் பாயின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் அங்கே தங்குமிடத்தில், மற்றவர்கள் தூங்கும் நேரத்தில், சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பிள்ளை கவிழ்ந்தான். மருமகனின் முகம் திரையில் அசையாமல் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறுந்திருக்கவில்லை. கைத்தொலைபேசியைப் பற்றி மேடைகளில் நான் நிறையத் தாக்கிப் பேசியிருக்கிறேன். அவற்றில் சிலதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் வீட்டிலேயே இருந்துகொண்டு, பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்மாருக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆண்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. பெரியவர்கள் முன்னிலையில் பிள்ளையைத் தூக்கினால் மரியாதைக் குறைவு என்று எங்கள் காலத்தில் நினைத்தோம். கண்ணூறு பட்டுவிடும் என்று பிள்ளையின் கெட்டித்தனத்தை வெளியில் சொல்லவும் அஞ்சினோம். கறுப்புப் பொட்டு வைப்பது வேறு, வாயைப் பூட்டிக்கொள்வது வேறு. பாண்டியன் அறிவுடை நம்பி ஓர் அரசன். குறுகுறுவென நடந்து வந்து, சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பற்றிப் புறநானூற்றில் வெளிப்படையாகவே பாடி வைத்திருக்கிறான். அவனுக்கு வராத மரியாதைக் குறைவு, காசு பொறுக்கும் நமக்கு ஏன் வரவேண்டும்?

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. "பாக்கிறது சரி தம்பி. எம்பிள்ள, எம்பிள்ளன்னு நெனைக்கும்போதுதான் கட்டு வருது" என்றார். அது மறுக்க முடியாத பேச்சு. பிள்ளை வளர வளர, பார்ப்பது குறைந்து எதிர்பார்ப்பது கூடுகிறது என்பதை என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். ஆனால் ஒன்பது மாதப் பிள்ளையிடம் யார் எதை எதிர்பார்க்க முடியும்? அது கை தட்டுகிறது, நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அறிவித்தல் எழுதப்படவில்லை. தலைப்பு மட்டும் உள்ள அந்தத் தாள் என் கோப்பில் இருக்கிறது. பரிபாலன சபைக் கூட்டத்தில் பேசி, வெள்ளிக்கிழமைகளில் கைப்பிள்ளையோடு வருபவர்கள் உட்கார, மண்டபத்தின் இடப்பக்கத் தூணோரம் இரண்டு பெரிய பாய்கள் போடுவதென்று முடிவாயிற்று. பெரியவரும் கையை உயர்த்தினார். மேல்கணக்குத் தம்பதியர் இப்போது அங்கேதான் உட்காருகிறார்கள். பிள்ளை உட்காருவதில்லை, பாயைத் தாண்டி விபூதித் தட்டைத் தேடி நடக்கிறான். பாய் வாங்கிய செலவு, இம்மலரின் இறுதியில் உள்ள வரவு செலவு அறிக்கையில் சில்லறைச் செலவு என்பதன்கீழ் சேர்க்கப்பட்டுள்ளது.